மலைச் சம்பளம்

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமைக் காலைப் பூசை முடிந்து சனம் கலைவதற்குள் செபஸ்தியம்மாள் முடிவு செய்துவிட்டாள். புருசனை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

கோயில் வாசலில் உபதேசியார் அருளப்பன் அவளுக்காகத்தான் காத்து நின்றார். பள்ளிக்கூட வேலைக்கு இஞ்ஞாசிமுத்து திரும்பி வருகிறாரா இல்லையா என்பது இன்று பொழுது சாய்வதற்குள் தெரிந்தாக வேண்டும். இல்லையென்றால் நாளைக் காலைத் தபாலில் பங்குச் சாமியார் பெரியகுளத்துக்கு எழுதிவிடுவார், அங்கிருந்து வேறு ஆள் வந்துவிடுவான். போன ஞாயிற்றுக்கிழமையே உபதேசியார் வீடு தேடி வந்து சொன்ன சங்கதிதான் இது.

"வாராகன்னே சாமிகிட்டச் சொல்லிருங்க," என்றாள் செபஸ்தியம்மாள்.

"அவரு வாயால சொன்னாரா?"

"நான் சொன்னா அவுக சொன்ன மாதிரிதான்."

உபதேசியார் லேசாகச் சிரித்துவிட்டுச் சாமியார் அறைப் பக்கம் போனார். நாலு வருடத்துக்கு முன்னால் இதே வாசலில் நின்று இதே மாதிரி அவள் பேசியது அவருக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ, அவளுக்கு இருந்தது. அன்றைக்கு அவள் சொன்னது வேறு. "அவுக இனிமே பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டாக, மலைக்குப் போறாக" என்று சொன்னாள்.

சவேரியார்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருடம் வாத்தியாராக இருந்தவர் இஞ்ஞாசிமுத்து. மாதம் ஆறு ரூபாய். அந்தச் சம்பளத்தில் அவருக்குக் குறை இருந்ததில்லை. குறை அவளுக்குத்தான் இருந்தது. தங்கை பிச்சையம்மாளின் புருசன் ஏலத்தோட்டத்துக் கங்காணி. கம்பத்தில் ஓட்டு வீடு, வாசலில் வில்வண்டி. அந்த வீட்டு ஞானஸ்நான விருந்துக்குப் போய், பந்தியில் தன் மகள் மட்டும் வெறுங்காதோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று, கூரையில் ஒழுகிய தண்ணீருக்குச் சட்டி வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்:

"ஊரான் பிள்ளைக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்குடுத்தீக. நம்ம பிள்ளைக்கு என்னத்தச் சேத்து வச்சிருக்கீக?"

அவர் மூன்றாம் நாள் காலையில் இரண்டு வேட்டியும் ஒரு கம்பளியும் மூட்டை கட்டிக்கொண்டு குமுளி மலை ஏறிவிட்டார். பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆளுக்கு அங்கே நல்ல கிராக்கி. ஸ்டோரில் ரைட்டர் வேலை, பதினெட்டு ரூபாய்.

கூரை ஓடாயிற்று. ஜெயமேரிக்குக் காதுக்குத் தோடு வந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கால் காணி நிலமும் வந்தது. ஒவ்வொரு சித்திரையிலும் மலைக்காய்ச்சல் தலைதூக்கி வேலை நின்றதும் அவர் இறங்கி வருவார். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட இளைத்து வருவார். இந்த ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றாம் வருடத்துச் சித்திரையில் நடந்து வரவில்லை. வண்டியில் படுத்து வந்தார்.

வந்து பன்னிரண்டு நாளாகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் அவர் முதுகைத் துடைத்துவிட்டபோது விலா எலும்பு ஒவ்வொன்றும் செபஸ்தியம்மாள் விரலில் தனித்தனியாகத் தட்டுப்பட்டது. அன்றைக்கே அவள் மனசு திரும்பிவிட்டது.

ஆனால் காலம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. ஸ்டோருக்குத் தலைமை ரைட்டர் வேலை அவருக்கென்று சொல்லியிருந்தார்கள். முப்பத்தைந்து ரூபாய். அணை முடிந்தாலும் சர்க்காரின் அடுத்த வேலைக்குக் கூட்டிப்போவார்கள், நிரந்தரம். அந்த ஊரில் மாதம் முப்பத்தைந்து ரூபாய் வாங்கிய மனுசன் அதுவரை கிடையாது. நாலு வருடத்துக்கு முன்பு அவள் கனாக் கண்டதற்கும் மேலே வந்து நின்றது. இப்போது அது வேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.

அந்தச் சமயம் பார்த்துத்தான் இப்போதிருக்கும் வாத்தியார் பொன்னுராஜுக்கு மதுரையில் ரயில் ஸ்டேஷன் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் காலி. சர்வேசுரனே வழி திறந்துவிட்டார் என்று அவள் நம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது இஞ்ஞாசிமுத்து கொல்லையில் முருங்கை மரத்தடியில் உட்கார்ந்து பழைய பூட்சுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் அடுப்படியிலிருந்தபடியே விசயத்தைச் சொன்னாள். ஏழு ரூபாய் தருவார்களாம், ஒரு ரூபாய் கூட்டியிருக்கிறார்கள் என்றாள். அவர் திரும்பவில்லை. கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஒரு வருடமாக அவருக்குக் கோபம் அப்படித்தான் வருகிறது. சத்தம் கிடையாது, முகம் திருப்பல் மட்டும்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு எதிரே போய் நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எங்கிட்டக் கேக்காமயே."

"ஓட்டு வீடு போதும். தோடு போதும். முப்பத்தஞ்சு ரூபா எனக்கு வேணாம்," என்றாள். "ஆளு வேணும்."

அவர் பூட்சைக் கீழே வைத்தார். வெகுநேரம் எண்ணெய்த் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும், பொன்னுராஜிடம் சொல்லச் சொன்னார். இன்று காலைப் பாடத்தைத் தானே நடத்திப் பார்ப்பதாகச் சொன்னார்.

செபஸ்தியம்மாளுக்குத் தரையில் கால் பாவவில்லை. பெட்டியைத் திறந்து வெளுத்த வேட்டியும் பழைய அல்பாக்காக் கோட்டும் எடுத்துக் கொடுத்தாள். கோட்டுத் தோள் இரண்டு பக்கமும் தொங்கியது. ஒரு மாதம் சோறு போட்டால் நிறைந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அவர் புறப்பட்ட விதத்தில் சந்தோசம் இல்லை என்பதையும் பார்த்தாள். பார்த்ததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பள்ளிக்கூடம் என்பது கோயிலை ஒட்டிய நீளக் கொட்டகைதான். பதினோரு வருடம் அவர் அங்கே பாடம் நடத்தியும் அவள் ஒரு நாள்கூட நின்று பார்த்ததில்லை. வேலைக்குப் போகிறவர் போகிறார், வருகிறார் என்றிருந்தாள். அவர் பாடம் நடத்தும் அழகை ஊர்தான் பேசும். முப்பது பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து கத்தினாலும் அதில் ஒரு பிள்ளை நாக்குப் பிசகினால் அவர் காது பிடித்துவிடும் என்பார்கள். அந்தப் பக்கத்தில் பெரியவர்களே மழையை மளை என்றும் பழத்தைப் பளம் என்றும்தான் சொல்வார்கள். அவரிடம் படித்த பிள்ளைகள் மட்டும் நாக்கை மடித்து மழை என்பார்கள். கம்பம் சந்தையில்கூட, இது இஞ்ஞாசி வாத்தியார் பிள்ளை என்று அதை வைத்து அடையாளம் சொன்னதுண்டு.

இன்று பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. கோயில் கூட்டுகிற சாக்கில் விளக்குமாற்றோடு போய்ப் பக்கவாசலில் நின்றாள். அங்கிருந்து கொட்டகை முழுதும் தெரிந்தது.

அவர் பலகையில் எழுதினார்.  எழுத்து ஒவ்வொன்றும் தேர்ந்த ஆசாரி இழைத்ததுபோல நின்றது. பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். பொன்னுராஜ் ஓரத்தில் கைகட்டி நின்றான். பெரிய பையன்களை எழுப்பி வாசிக்கச் சொன்னார். குரல் உடைந்த பையன்கள். ஒருவன் தப்பாகச் சொன்னான். அவர் திருத்தினார், அவன் மறுபடி சொன்னான். செபஸ்தியம்மாளுக்கு நெஞ்சு நிறைந்தது. இந்த மனுசனையா நான் மலைக்கு அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு சின்னப் பிள்ளைகளை எழுப்பினார்.

முதல் பிள்ளை, "மளை" என்றது.

"சரி. அடுத்தாள்," என்றார்.

பொன்னுராஜ் நிமிர்ந்து பார்த்தான். அடுத்த பிள்ளை, "வாளப்பளம்" என்றது. அதற்கும் சரி என்றார். மூன்றாவது பிள்ளை வேண்டுமென்றே வேறு எதையோ சொன்னது. அவர் அதன் வாயையே குனிந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

நாலாவதாக எழுந்தவள் அமுதா, எட்டு வயது, வாயாடி. அவள் சத்தமே போடாமல் உதட்டை மட்டும் அசைத்தாள்.

"நல்லாச் சொன்ன. உக்காரு."

 பிறகு ஒரு பையன் சிரித்தான். அவனைப் பார்த்து இன்னொருத்தன். அப்புறம் கொட்டகை முழுதும் சிரித்தது. இஞ்ஞாசிமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா வாயும் திறந்திருப்பதைப் பார்த்துத்தான் அவருக்கு விளங்கியது. சுண்ணாம்புக் கட்டியைப் பலகை மேல் வைத்தார்.

பொன்னுராஜ் பிரம்பைத் தூக்கிக்கொண்டு அமுதாவிடம் பாய்ந்தான். இஞ்ஞாசிமுத்து குறுக்கே கையை நீட்டி அவனைத் தடுத்துவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்தார்.

"நீ சத்தமே போடலையா, ஆத்தா?"

அமுதா இல்லையென்று தலையாட்டினாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அவள் தலையைத் தொட்டுவிட்டு எழுந்து பின்பக்கமாக வெளியே போனார். வாத்தியாருக்குக் காய்ச்சல் மருந்தின் வேகம் இன்னும் இறங்கவில்லை, காது அடைத்திருக்கிறது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று பொன்னுராஜ் பிள்ளைகளிடம் சொல்வது செபஸ்தியம்மாள் காதில் விழுந்தது. அவன் நல்ல பையன். ஆனால் அவள் பக்கம் திரும்பாமலேயே அதைச் சொன்னான்.

வாய்க்கால் கரையில் தென்னைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார். அவள் பின்னாலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகுதான், கூப்பிட்டுப் பிரயோசனமில்லை என்று உறைத்தது. சுற்றிக்கொண்டு முன்னால் போய் ஈரத்தில் உட்கார்ந்தாள்.

எப்போதிருந்து என்று கேட்டாள்.

இரண்டு வருடமாக என்றார். காய்ச்சல் வரும்போதெல்லாம் கொயினா மருந்து கொடுப்பார்கள். கொயினா குடித்தால் காதுக்குள் சிள்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். முதல் வருடம் காய்ச்சல் விட்டதும் அதுவும் விட்டுவிட்டது. அடுத்த வருடம் விடவில்லை. இப்போது கட்டைக்குரல் கேட்கிறது, பொம்பளைக் குரல் எதிரே நின்று பேசினால் பாதி கேட்கும், பாதி வாயசைவு. மலையில் அது யாருக்கும் தெரியாது, கூட வேலை பார்க்கும் மேஸ்திரி கர்ணனைத் தவிர. சீட்டில் எழுதி வருவதற்குச் சீட்டில் பதில் எழுதினால் போதும். அந்த வேலைக்குக் காது எதற்கு?

"சின்னப் பிள்ளைக குரல் மட்டும்," என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். "அது சுத்தமா இல்ல. காத்து மாதிரி வருது. ழவும் ளவும் வாயப் பாத்தா ஒண்ணுபோலத்தான் இருக்கு, செபஸ்தி. நாக்கு உள்ளயில்ல மடங்குது."

அவளுக்கு ஜெயமேரி நினைப்பு வந்தது. போன சித்திரையில், அப்பா எங்கிட்டப் பேசவே மாட்டேங்குது, நான் என்ன தப்புச் செஞ்சேன் என்று அந்தப் பிள்ளை இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தது. பதிமூன்று வயசுக்குப் பிடிவாதம் ஆகாது என்று இவள் அடித்தாள்.

"எல்லாம் என்னால," என்றாள். "நான்தான அன்னைக்கு அந்தப் பேச்சுப் பேசினேன்."

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ சொன்னதுக்காக மட்டும் போகல. உங்கிட்ட இத ஒருநாளும் சொன்னதில்ல. எனக்கும் ஆசை இருந்துச்சு. பதினோரு வருசம் சாமியாருக்கு முன்னால தோள்துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நின்னவன். மலையில போன மறுமாசம் எஞ்சினீரு துரை எனக்கு நாக்காலி போட்டாரு. நூறு ஆளு என் கையெழுத்துக்குக் காத்து நின்னாக. அது நல்லாத்தான் இருந்துச்சு."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. இத்தனை நாளும் தன் தலையில் வைத்துச் சுமந்த பழியில் பாதியை அவர் இறக்கி வைத்தபோது ஆறுதலாக இல்லை. கூட வாழ்ந்த மனுசனின் ஆசை என்னவென்று பதினாறு வருடமாகத் தனக்குத் தெரியாமலே போய்விட்டதே என்று புதிதாக ஒரு வலி வந்தது.

"அது ரெண்டு வருசம்," என்றார் அவர். "அப்புறம் நாக்காலி பழகிப்போச்சு. போதும்னு தோணுறப்பல்லாம், பள்ளிக்கூடம் இருக்குல்ல, எப்ப வேணும்னாலும் இறங்கிப் போயிரலாம்னு நெனச்சுக்குவேன். அத நெனச்சே காய்ச்சலத் தாண்டினேன். காது போனப்பகூட, அங்கன போனாக் கேக்கும்னு ஒரு கிறுக்கு நெனப்பு. அதான் இன்னைக்குப் போனேன்."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் அந்த முந்தானையை மெதுவாக விலக்கினார். முகம் தெரியாவிட்டால் அவள் பேசுவது அவருக்குப் புரியாது.

வீட்டுக்கு எழுந்து நடக்கும்போது ஒன்றுமட்டும் கேட்டுக்கொண்டார். ஊருக்குத் தெரிய வேண்டாம். இரண்டு நாளில் சரியாகும் என்று பொன்னுராஜ் சொன்னது அப்படியே இருக்கட்டும். செவிட்டு வாத்தியார் என்று பெயர் வாங்குவதைவிடப் பணத்தாசை பிடித்தவன் என்று வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

பொழுது சாய உபதேசியார் வந்தார். கொட்டகையில் நடந்தது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. மருந்துச் சூடுதானே, மோர் குடித்தால் இறங்கிவிடும், இதற்கெல்லாம் மனசு விடலாமா என்று ஆரம்பித்தார். சாமியார் ரொம்பச் சந்தோசப்பட்டதாகவும், வருகிற பிரசங்கத்திலேயே சொல்லப் போவதாகவும் சொன்னார்.

இஞ்ஞாசிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மலையில முப்பத்தஞ்சு ரூபா தாராக, உபதேசியாரே. ஏழு ரூபாய்க்கு எப்பிடி வருவேன்?"

குரல் தேவைக்கு மேல் கனமாக இருந்தது. தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை என்பது செபஸ்தியம்மாளுக்குப் புரிந்தது. உபதேசியாருக்கு அது திமிராகத்தான் பட்டிருக்கும். அவர் செபஸ்தியம்மாளைப் பார்த்தார்.

"காலையில நீங்க வேற மாதிரிச் சொன்னீக?"

உண்மை நாக்கு நுனி வரை வந்தது. புருசனைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோசிச்சுப் பாத்தோம்," என்றாள். "பொம்பளப் பிள்ள இருக்கு. நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்கணும்."

"அதுவுஞ் சரிதான். சம்பளம் சம்பளந்தான்," என்று எழுந்துவிட்டார் உபதேசியார். ஜெயமேரி கொண்டுவந்த மோர்ச் செம்பைக் கையில் வாங்கவில்லை. வாசல்படி இறங்கும்போது, இவர் கையால் எழுத்துப் பழகிய பிள்ளைகளில் ஒருத்தனுக்குத் தானும் தகப்பன் என்று மட்டும் சொன்னார். அது இஞ்ஞாசிமுத்துவுக்குக் கேட்கவில்லை. அவர் மரியாதையாகக் கைகூப்பிக்கொண்டிருந்தார்.

அரை நாழிகைக்குள் சேதி கிணற்றடிக்குப் போய்விட்டது. செபஸ்தியம்மாள் குடத்தோடு போனபோது சங்கிலியம்மாள் இராட்டினத்தை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே, சிலருக்கு எத்தனை வந்தாலும் வயிறு நிறையாது, காய்ச்சலில் கிடக்கிற மனுசனை மறுபடியும் மலைக்கு முடுக்கிவிட எந்தப் பொம்பளைக்கு மனசு வரும் என்று பொதுவாகப் பேசினாள். நாலு பேர் தலையாட்டினார்கள். நாலு வருடத்துக்கு முன்பு இதே பேச்சை யாராவது முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் செபஸ்தியம்மாள் சண்டைக்கு நின்றிருப்பாள். அன்றைக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. எல்லாரும் பொறாமையோடுதான் பார்த்தார்கள். இன்று குடத்தை நிறைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கூடலூர் வண்டிக்காரன் வீரபாண்டி வாசலில் மாட்டை நிறுத்தி ஒரு கடுதாசி கொடுத்துவிட்டுப் போனான். மேஸ்திரி கர்ணன் கொடுத்தனுப்பியது. இஞ்ஞாசிமுத்து சன்னல் பக்கம் கொண்டுபோய் வாசித்தார். வாசித்துவிட்டு மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார்.

"கர்ணன் எழுதியிருக்கான். சொகமா இருக்கானாம்," என்றார்.

பிறகு கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கொல்லைக் கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

சுகம் விசாரிக்கிற கடுதாசிக்கு அவ்வளவு நேரம் சன்னலோரம் நிற்க வேண்டியதில்லை. செபஸ்தியம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரின் வீட்டில் அவள் ஒருத்திதான் கையெழுத்துக்குச் சிலுவை போடுகிறவள். ஜெயமேரியைக் கண்ணால் கூப்பிட்டாள். பிள்ளை கோட்டுப் பையிலிருந்து கடுதாசியை எடுத்தது. அப்பா இருக்கும்போதே எப்படி வாசிப்பது என்று அம்மாவைப் பார்த்தது.

"வாசி. சத்தமாவே வாசி," என்றாள் செபஸ்தியம்மாள்.

ஜெயமேரி வாசித்தாள். முதுகு காட்டி உட்கார்ந்திருந்த தகப்பன் திரும்பவில்லை. மூன்று வரி போவதற்குள் பிள்ளைக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குரல் தடுமாறியது. ஆனாலும் நிறுத்தவில்லை.

'நிரந்தர வேலைக்குப் போகிறவர்களை இனிமேல் டாக்டர் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால்தான் உத்தரவு கைக்கு வரும் என்று பேச்சு. வருகிற திங்கட்கிழமை கூடலூரில் வைத்துப் பார்க்கிறார். கண், காது, நெஞ்சு மூன்றும் பார்ப்பாராம். உம்முடைய சங்கதி தெரிந்தவன் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன். சீட்டுக் கிடைக்காவிட்டால் பழைய வேலைக்கும் வேறு ஆள் போடுவார்கள் போலிருக்கிறது. யோசித்துச் செய்யவும்.'

 பள்ளிக்கூடத்தைக் காலையில் செபஸ்தியம்மாள் தன் வாயால் வாங்கி, சாயங்காலம் அவள் வாயாலேயே இழந்தாயிற்று. இப்போது மலையும் போய்விடும் போலிருக்கிறது.

சாமியாரின் கடுதாசி இன்னும் தபாலுக்குப் போகவில்லை. ஓடிப்போய் உள்ளதைச் சொல்லிவிடலாம். சாமியார் இரக்கப்படுவார். பாடம் இல்லாவிட்டாலும் கோயில் மணியடிக்க, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க என்று ஏதாவது கொடுப்பார். மேலாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். படியில் ஒரு கால் வைத்த பிறகுதான், இன்னொரு தடவையும் அவருக்காகத் தானே முடிவு செய்யப் போகிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

திரும்பி வந்தாள். கடுதாசியை வாங்கிக்கொண்டு போய் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் மடியில் வைத்தாள். அவர் கடுதாசியைப் பார்த்தார், பிறகு சுவரோரம் நின்ற மகளைப் பார்த்தார். கேட்க ஒன்றும் இல்லை.

"நான் ஒண்ணும் சொல்ல வரல," என்றாள் செபஸ்தியம்மாள். "நீங்க என்ன செய்யணும்னு நெனைக்கிறீக?"

 கேட்கவில்லையோ என்று அவள் மறுபடி ஆரம்பித்தபோது, அவர் கேட்டது என்று தலையசைத்தார்.

"இத யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல," என்றார்.

அதில் குத்தல் இல்லை. நடந்ததைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். குத்தல் இருந்திருந்தால் அவளுக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வருடத்துக்கு முன்னால், கூரை ஒழுகிய அந்த நாளில், இதே ஒரு வரியைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் அவர் போயிருக்கலாம். நாற்காலி ஆசை அவருக்கும் இருந்ததே. ஆனால் எதற்குப் போகிறோம், எவ்வளவு காலம் போகிறோம் என்று இரண்டு பேரும் பேசியாவது இருப்பார்கள். இரண்டாம் வருடமே இறங்கி வந்திருப்பார்.

"டாக்டர்கிட்ட உள்ளதச் சொல்லிரவா, வாயப் பாத்துச் சமாளிச்சுப் பாக்கவானு தெரியல," என்றார் அவர். "சமாளிச்சுட்டா முப்பத்தஞ்சு ரூபா. ஆனா அப்புறம் ஆயுசு முழுக்கச் சமாளிக்கணும். இன்னும் மூணு நாள் இருக்கு. பேசுவோம்."

"பேசுவோம்," என்றாள் அவள். "திங்கக்கிழமை நானும் கூடலூருக்கு வாரேன்."

அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. அவள் கடைசியாகச் சொன்னது விளங்காமல் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். ஜெயமேரி மாடத்திலிருந்த விளக்கை எடுத்து வந்து, அம்மாவின் முகத்தில் வெளிச்சம் படும்படி இருவருக்கும் நடுவில் வைத்தாள்.